கொஞ்சம் கவனிங்க சார்

செப்டம்பர் 9, திங்கள்

போதும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று மகன் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தான். சட்டைப் பை கிழிந்து தொங்கியது தெரியக் கூடாதாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? "விழுந்துட்டேன்" என்றான். விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், சட்டைப் பை மட்டும் கிழியுமா? பால் குடித்து முடித்த பிறகுதான் உண்மை வந்தது. அதே பையன்தான். வயதுக்கு மீறின உடம்பு. வகுப்பில் எல்லாரும் டேங்கர் என்று கூப்பிடுகிறவன்.

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. நீங்கதானே கையை ஓங்கக் கூடாதுன்னு சொல்லிருக்கீங்க."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாடம் ஒப்பிக்கிறானா, குற்றம் சாட்டுகிறானா?

ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வீட்டில் யாரும் யார் மேலும் கை வைப்பதில்லை. அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது. காரணம் என் அப்பா. அவர் தலைமையாசிரியர். நான் அவர் பள்ளியிலேயே படித்தேன். யாரை அடிப்பதானாலும் முதல் அடி எனக்குத்தான், பாரபட்சம் பார்க்காதவர் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. அவர் இறந்த வீட்டில் பழைய மாணவர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் அடிச்ச அடியிலதான் நாங்கள்லாம் மனுஷங்களானோம்" என்றார்கள். நான் தலையாட்டினேன். ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன்!

இந்த முறை தலையாட்டப் போவதில்லை. பள்ளிக்குப் போகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மனைவி அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள், நான் தப்பிக்க முடியாதபடி.

"மாப்ளே, ரெண்டு வாங்கினா நாலு திருப்பிக் குடுக்கணும். இதைக்கூட சொல்லித் தராம என்ன அப்பா நீங்க?"

"அடிச்சா எதுவும் தீராது மச்சான்."

"நீங்க தண்ணியிலேயே கிடந்து கிடந்து பச்சைத் தண்ணியாவே ஆயிட்டீங்க."

அவர் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தண்ணீர் ஜோக் ஓடிக்கொண்டிருக்கிறது. மகனும் சிரித்தானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அதுதான் வலித்தது.

செப்டம்பர் 12, வியாழன்

போய்ப் பேசிவிட்டேன். நெஞ்சு நிறைந்திருக்கிறது.

வகுப்பாசிரியை விடுப்பில் இருந்தார். விளையாட்டு ஆசிரியரிடம் போகச் சொன்னார்கள். பள்ளி ஒழுங்கெல்லாம் அவர் பொறுப்பாம். பிள்ளைகள் டிரில் மாஸ்டர் என்கிறார்கள். அவர் அறை முழுக்கக் காற்றுப் போன பந்துகள், சுருட்டி வைத்த வலை, ஆணியில் ஸ்கிப்பிங் கயிறுகள். ரப்பர் வாசனை. நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். மரியாதையான மனிதர்.

நான் புகார் சொல்லவில்லை. அதுதான் எனக்கே பெருமையாக இருக்கிறது. மற்ற அப்பாக்களைப் போல "அவனை டிஸ்மிஸ் பண்ணுங்க" என்று கத்தவில்லை. அடிக்கிற பிள்ளை எங்கேயோ அடி வாங்குகிற பிள்ளைதான், எனக்குத் தெரியாதா? அதனால் இப்படிச் சொன்னேன்:

"அந்தப் பையனைக் கொஞ்சம் தனியாக் கூப்பிட்டு நல்லாக் கவனிங்க சார். வீட்ல அவனைக் கவனிக்க ஆள் இல்ல போலிருக்கு."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார்.

"புரியுது சார். நீங்க கவலைப்படாம போங்க. நல்லாவே கவனிச்சுடறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்; கால் வலி தெரியவில்லை. இந்த ஊரில் என் பாஷை புரிகிற ஒரு மனிதராவது இருக்கிறார்.

செப்டம்பர் 13, வெள்ளி

கிழக்குப் பகுதியிலிருந்து சோதனைக்கு வந்த தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் கலங்கல். அறிக்கையில் "சற்றே" என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னார் இளவரசர். எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு நான் வைத்த பெயர் அது. பிப்பெட்டைப் பிடிக்க நான் கற்றுக் கொடுத்த கை. இன்று என் அறிக்கையைத் திருத்துகிறது. சேர்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல ஜன்னல் பக்கத்து மேஜை, நான் மட்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

எப்படி எழுதுவது?

வேன் நின்றதும் மகன் குதித்து இறங்கி ஓடி வந்தான். தெருவில் எல்லார் முன்னாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இப்போதெல்லாம் என் கையைப் பிடிக்கவே வெட்கப்படுகிறவன்.

"அப்பா! சூப்பர்ப்பா நீங்க!"

"என்னடா ஆச்சு?"

"சார் டேங்கரைப் பின்னி எடுத்துட்டார்ப்பா! எல்லார் முன்னாடியும். ஸ்கிப்பிங் கயிறை ரெண்டா மடிச்சு! 'இவன் அப்பா நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்கார், உன்னை நல்லாக் கவனிக்கச் சொல்லி'ன்னு சொல்லிச் சொல்லியே..."

அவன் பேசிக்கொண்டே போனான். என் காதில் அந்தச் சொல் மட்டும் நின்றது. கவனிக்கச் சொல்லி.

கவனிக்க. கடவுளே. நோயாளியைக் கவனிப்பது ஒன்று. லாக்கப்பில் கவனிப்பது ஒன்று. "வீட்டுக்கு வாடா, உன்னைக் கவனிச்சுக்கறேன்" — இதை எத்தனை தடவை கேட்டு வளர்ந்திருக்கிறேன்! நான் எந்தக் கவனிப்பைச் சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? புகார் சொல்ல வந்த ஒரு அப்பா, அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு நல்லாக் கவனிங்க என்கிறான். வேறு எப்படித்தான் புரிந்துகொள்வார்?

"நான் அப்படிச் சொல்லல" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மாவு மில் வரை, பிறகு தையல் கடை வரை, பிறகு வீட்டுப் படி வரை. விடவே இல்லை.

சொல்லவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

டேங்கர் இன்று பள்ளிக்கு வரவில்லையாம். மகனுக்கு வேனில் ஜன்னல் சீட் கிடைத்திருக்கிறது. தானாக விட்டுக் கொடுத்தார்களாம்.

இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

மச்சான் பழக்கூடையோடு வந்து இறங்கினார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே! கமுக்கமா இருந்துக்கிட்டு காரியத்தை முடிச்சுட்டீங்களே! கையும் அழுக்காகல, வேலையும் முடிஞ்சுது. இதுதான் படிச்சவன் மூளை."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான்..."

"பாரேன், அடக்கத்தை!"

மனைவி தேநீர் கொண்டு வந்தாள். முதல் கோப்பையை அண்ணனுக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்தாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், வீட்டில் என்னிடம் பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். இன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு இவ்வளவு ரோஷம் இருக்கும்னு நினைக்கலங்க" என்றாள். மகன் என் தோளில் சாய்ந்துகொண்டு பழம் தின்றான். சாறு என் சட்டையில் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

ஒரே மேஜையில் எல்லாரும். நானும் அதில் ஒருவன். இந்த வீட்டில் இதற்கு முன் இப்படி ஒரு மாலை இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கயிற்றடியில் ஒரு பிள்ளையின் கால் தடித்து வீங்கியதில் எனக்கு ஒரு குடும்பம் கிடைத்திருக்கிறது. இதை யாரிடம் சொல்லுவது? இந்த நோட்டைத் தவிர யாரிடம்?

செப்டம்பர் 25, புதன்

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே மகன் குரல் கேட்டது. கீழ்வீட்டுச் சின்னப் பெண்ணின் சைக்கிளை அவன் கேட்கிறான், அவள் தர மாட்டேன் என்கிறாள். பிள்ளைகள் சண்டை, தானே தீரும் என்று விட்டேன்.

"தர மாட்டியா? எங்கப்பாகிட்ட சொல்லி உன்னைக் கவனிக்கச் சொல்லட்டா?"

எட்டிப் பார்த்தேன். அவள் சைக்கிளை விட்டுவிட்டு, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஏறிச் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மணியை வேறு அடித்துக்கொண்டே.

என் பெயர் ஒரு பிரம்பாகிவிட்டது. அவன் கையை ஓங்கவில்லை, பார்த்தாயா? நான் சொல்லிக் கொடுத்ததை அவன் மீறவே இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

டிரில் மாஸ்டரைப் பார்த்தேன். அதே நாற்காலி, அதே மரியாதை.

"நான் அடிக்கச் சொல்லவே இல்ல சார்."

"என்ன சார் இது? நீங்கதானே நல்லாக் கவனிங்கன்னீங்க?"

"கவனிங்கன்னா... கவனிக்கறது சார்! அன்பா. கூப்பிட்டு, உட்கார வெச்சு, என்ன ஏதுன்னு விசாரிச்சு..."

அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். முகத்தில் கேலி இல்லை, கோபம்கூட இல்லை.

"சார், இருபது வருஷமா அப்பாக்கள் வந்துட்டுப் போறாங்க. படிக்காதவங்க 'தோலை உரிங்க'ம்பாங்க. உங்களை மாதிரிப் படிச்சவங்க 'கொஞ்சம் கவனிங்க'ம்பாங்க. ரெண்டும் ஒண்ணுதானே? இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து நான் அந்த அர்த்தத்துல சொல்லலைன்னு சொன்னதில்ல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது உங்களை மிரட்டினாங்களா? தைரியமா சொல்லுங்க, கவனிச்சுடலாம்" என்றார்.

தலைமையாசிரியை அறைக்கும் போனேன். "நீங்களே சொல்லிட்டு நீங்களே புகார் குடுத்தா எப்படி சார்?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம்.

செப்டம்பர் 28, சனி

அந்தப் பையனின் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். விசாரித்துக்கொண்டு போனேன். சண்டைக்கு வருவார், சட்டையைப் பிடிப்பார், பிடிக்கட்டும் என்று தயாராகத்தான் போனேன்.

முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார்.

"உங்களுக்கு ரொம்ப நன்றி சார்."

உட்கார ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"அவங்கம்மா போனதுல இருந்து நான் ஒருத்தன் எவ்வளவுதான் பார்க்கறது? என் கைக்கு அவன் மரத்துப் போயிட்டான் சார். வேற கை பட்டாத்தான் உறைக்குது. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நானும் என் பங்குக்குக் குடுத்தேன், பெரிய மனுஷன் ஒருத்தர் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து சொல்ற மாதிரி நடந்துக்கறியாடான்னு."

"நான் சொன்னது அது இல்லீங்க. நான் சொல்ல வந்தது வேற."

"உங்க பெருந்தன்மை சார் அது. டேய், இங்க வா. சாருக்கு வணக்கம் சொல்லு."

பின்பக்கம் இரும்புத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் வந்தான். டேங்கர். பெரிய உடம்புதான், ஆனால் முகத்தில் பால் பல் விழுந்த இடம் இன்னும் முழுசாக நிரம்பவில்லை. என்னைப் பார்த்துக் கை குவித்தான். பதிலுக்குக் கும்பிட நான் கையைத் தூக்கினேன்.

சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

நான் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். அவன் அப்பா பெருமையாகச் சிரித்தார். "பார்த்தீங்களா சார், பயம் வந்துடுச்சு."

என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. ஒருவரையும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையில் மகனோடு உட்கார்ந்து அவன் புத்தகப் பையின் ஜிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மாஸ்டர் தப்பாகப் புரிந்துகொண்டது, நான் இத்தனை நாள் மறைத்தது, பட்டறையில் பார்த்தது.

அவன் ஜிப்பின் கொக்கியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப நீங்க அடிக்கச் சொல்லலையா?"

"இல்லடா."

"நிஜமாவே சொல்லலையா?"

"இல்ல."

"எனக்காகக்கூடச் சொல்ல மாட்டீங்களா?"

இதற்கு நான் ஏதோ சொன்னேன். கை ஓங்குவது பற்றி, பயம் பற்றி. நல்ல வாக்கியங்கள்தான். அவன் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை. திறந்த அறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்காகக்கூட. என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? "உனக்காக நானே போய் நடுவில் நிற்பேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வருவதில்லையே எதுவும்.

அக்டோபர் 1, செவ்வாய்

மனைவி: "இப்ப எதுக்குப் போய்ச் சொன்னீங்க? நல்லாத்தானே இருந்தான்." பிறகு கேஸ் தீர்ந்துபோன விஷயத்தைச் சொன்னாள். எல்லாம் பழையபடி.

அக்டோபர் 2, புதன்

மகன் என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

சாப்பிடும்போது திடீரென்று கேட்டான். தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அவன் நிஜமாவே தலையை இழுத்துக்கிட்டானா?"

"ஆமா."

"நீங்க அடிப்பீங்கன்னா?"

"ஆமா."

"டேங்கரா?"

"டேங்கர்தான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. முதல் தடவையாக, பேசத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மகனுக்கு உதட்டில் சின்ன வீக்கம்.

பதறிப்போய்க் கேட்டேன். விழுந்துட்டேன் என்று சொல்லவில்லை இந்த முறை.

"நான் போய் டேங்கர்கிட்ட சொன்னேன். எங்கப்பா உன்னை அடிக்கச் சொல்லல, சார்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"நம்பல. தள்ளி விட்டுட்டான். பெஞ்சுல இடிச்சுக்கிச்சு."

"சார்கிட்ட..."

"சார்கிட்ட நான் சொல்லல. பசங்க யாரையும் சொல்ல விடல." பிறகு, "ஜன்னல் சீட்டும் போயிடுச்சு" என்றான். அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அழுகிற அளவுக்கு இல்லை.

மனைவி மருந்து தடவினாள். தன் அண்ணன் மகன்களைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், உதட்டைப் பார்த்துக்கொண்டே பாதியில் நிறுத்திவிட்டாள். "வலிக்குதாடா?" என்று மட்டும் கேட்டாள்.

கீழே போய் அந்தச் சின்னப் பெண்ணிடம் அவன் ஏதாவது சொன்னானா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

அக்டோபர் 12, சனி

பெற்றோர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அதில் டிரில் மாஸ்டருக்குப் பாராட்டு. இப்படி ஒரு ஆசிரியர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். என் கதையும் அங்கே உலவுகிறது, ஒரு அப்பா போனார், ஒரே வார்த்தை சொன்னார், மறுநாளே பள்ளிக்கூடம் சுத்தமாகிவிட்டது என்று. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

அதனால் அதில் போடுவதற்காக இந்த நோட்டின் பக்கங்களை அப்படியே தட்டச்சு செய்தேன். சாப்பாட்டு மேஜையில், பகல் முழுக்க. அடியில் என் முழுப் பெயரையும் போட்டேன், பட்டங்களோடு. மச்சான் படிக்கட்டும், இளவரசர் படிக்கட்டும், அப்பாவின் பழைய மாணவர்கள் ஒருவர் விடாமல் படிக்கட்டும். என்னை யார் என்று நினைத்தார்கள்? அந்தப் பெயரைத் தட்டும்போது எனக்கு இருந்த சந்தோஷம், எழுத வெட்கமாக இருக்கிறது.

மகன் பின்னால் வந்து நின்றான். பாலைக் குடித்துக்கொண்டே படித்தான். நிதானமாகத்தான் படிக்கிறான், உதடு அசைய.

"அப்பா, செப்டம்பர் பதினாறுல ஒரு வரி இருக்கு. கயிறுக்கு அப்புறம். அவன் எப்படி அழுதான்னு நான் சொன்னது."

"ஆமா."

"அதை அடிச்சுடுங்க."

"ஏன்டா? அதுதானே முக்கியம்? அதைப் படிச்சாத்தானே ஜனங்களுக்கு..."

"அவனுக்குப் பிடிக்காது."

அடித்துவிட்டேன்.

இன்னும் நகரவில்லை அவன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு என் பெயரின் மேல் விரலை வைத்தான். திரையில் பாலின் ஈரம்.

"இதுவும் வேண்டாம்ப்பா."

"உன்னைக் கிண்டல் பண்ணுவாங்கன்னா?"

"அய்யோ, எனக்கில்ல. உங்க பேரு இருந்தா நான் யாருன்னு தெரியும். நான் யாருன்னு தெரிஞ்சா அவன் யாருன்னு தெரியும். அவங்கப்பா படிச்சா என்ன ஆகும்?"

சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

பெயரை எடுத்துவிட்டேன், பட்டங்களையும். அந்தப் பையனின் பட்டப்பெயரையும் அவன் அப்பாவின் தொழிலையும் வேறாக மாற்றிவிட்டேன். அனுப்பப் போகிறேன்.